ஈரத்துணியில் பத்து விதை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "தோட்டத்துக்கு உகந்தது மிஞ்சிய விதையா, புதிதாக வாங்கும் விதையா?" என்ற தலைப்பில், மிஞ்சிய விதையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை உங்களுக்கு உயர்த்திக் காட்டினார். "தேதி முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இதை விதைப்பது மண்ணையும் ஏமாற்றுவது, நம்மையும் ஏமாற்றிக்கொள்வது" என்றார். கைதட்டலும் வாங்கினார். நடுவர் அவர்களே, அந்தத் தேதி என்ன சொல்கிறது? இந்த விதையைச் சோதித்தோம், நூற்றுக்கு இத்தனை முளைத்தது, அந்தக் கணக்குக்கு இன்ன நாள்வரை நாங்கள் பொறுப்பு என்கிறது. அவ்வளவுதான். அது விற்றவரின் பொறுப்பு முடிகிற நாள். விதையின் உயிர் போகிற நாள் என்று அதை யார் சொன்னது?

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டுகள். அடியில் ஒரு தக்காளி பாக்கெட்; வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. வாய் மடித்து, மடிப்பின் மேல் கிளிப் போட்டிருந்தேன். குப்பைக் கூடை காலடியில்தான் இருந்தது. போட்டுவிடலாம் என்று கை போனது. சரி, ஒரு முறை கேட்டுப் பார்ப்போமே என்று பத்து விதைகளை எண்ணி எடுத்தேன். ஒரு பருத்தித் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, வரிசையாக விதைகளை வைத்துச் சுருட்டி, மூடிபோட்ட டப்பாவில் வைத்து, வெயில் படாத வெதுவெதுப்பான இடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் பிரித்தேன், ஒன்றுமில்லை. நான்காம் நாளும் இல்லை. எதிரணி ஜெயித்துவிடும் போலிருக்கிறதே என்று நினைத்தேன். ஆறாம் நாள் காலையில் பிரித்தால், தட்டையான அந்தப் பழுப்பு விதையின் ஓரத்தைக் கீறிக்கொண்டு வெள்ளை வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தையல் நூலைவிடச் சற்றே தடிமன். நுனி துணியின் இழைக்குள் நுழைந்திருந்தது. எடுக்கப் போனால் விடவில்லை. பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. பத்தாம் நாள் எண்ணினேன், ஏழு. பத்துக்கு ஏழு, நடுவர் அவர்களே! ஐந்து வருடம் இருட்டில் கிடந்து, ஒரு துளி ஈரம் கிடைத்ததும் கண் விழித்ததை, தேதி முடிந்த சரக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"புதியது" என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். கடையிலிருந்து நேற்று வந்த பாக்கெட்டுக்குள் இருப்பது நேற்று பறித்த விதையா? இல்லை. போன அறுவடையாக இருக்கலாம், அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். விதை வணிகத்தில் ஒரு வருடம் விற்காமல் மிஞ்சியதை அப்படியே கொட்டிவிடுவதில்லை. குளிர்ந்த, உலர்ந்த கிடங்கில் வைத்திருந்து, மறுபடி முளைப்புச் சோதனை செய்து, தேறினால் அடுத்த வருடப் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். இதில் தவறே இல்லை. அறிவுள்ள வேலை அது. நான் கேட்பது ஒன்றுதான். அவர்கள் கிடங்கில் மிஞ்சினால் சோதனை செய்து விற்கலாம், என் டப்பாவில் மிஞ்சினால் மட்டும் குப்பையா? எதிரணி நண்பர் புதிது என்று காசு கொடுத்து வாங்குவதே இன்னொருவரிடம் மிஞ்சிய விதையாக இருக்கக்கூடும்.

மிஞ்சுவது ஏன் என்றும் பார்க்க வேண்டும். ஒரு கிராம் தக்காளி பாக்கெட்டில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் தக்காளிச் செடி எத்தனை வைப்போம்? ஐந்து, ஆறு, மிஞ்சிப்போனால் பத்து. முளைக்காதவை, பூச்சி தின்பவை, கழிப்பவை எல்லாம் சேர்த்து முப்பது விதை போட்டாலும் பாக்கெட்டில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கும். நம் அலட்சியத்தால் மிஞ்சவில்லை. பாக்கெட்டே அந்த அளவில்தான் வருகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் புதிது வாங்கு என்பவர், ஒவ்வொரு பருவத்துக்கும் 270 உயிர்களைக் கொட்டு என்கிறார். அந்த விதைகளில் சிலவற்றுக்குப் பூஞ்சாணக்கொல்லி பூசியிருப்பார்கள், சிவப்பாகவோ நீலமாகவோ நிறமேற்றி. அதைக் கொட்டினால் பறவையோ கோழியோ பொறுக்கித் தின்னும் ஆபத்து வேறு.

இனி, எதிரணி சொன்னதில் உண்மை உள்ள இடத்துக்கு வருகிறேன். எல்லா விதையும் ஒன்றல்ல. வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு, ஒன்று அல்லது இரண்டு வருடம். வெண்டையும் இரண்டு வருடத்தைத் தாண்டினால் நிச்சயமில்லை. வெங்காயம் போடுகிறவர் புதிதாகவே வாங்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். களிமண் பூச்சில் உருண்டையாக்கி விற்கும் விதைகளும் நெடுநாள் தாங்காது. ஆனால் தக்காளி, கத்தரி, வெள்ளரி ஆகியவை நன்றாக வைத்திருந்தால் நான்கைந்து வருடம் முளைக்கும். வெங்காயத்தின் குறையை வைத்துக் கத்தரிக்கும் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்?

நன்றாக வைத்திருந்தால் என்றேனே, வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. விதையைக் கொல்வது காலம் மட்டுமல்ல; ஈரமும் சூடும் அதைவிட வேகமாகக் கொல்லும். ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் ஒரு எளிய கணக்கைச் சொல்லியிருக்கிறார். விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரண்டு மடங்காகும். இரண்டும் சேர்ந்தால் நான்கு மடங்கு. அடுப்புக்கு மேல் அலமாரியில் வாய் திறந்து கிடந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து, "பார், பழைய விதை முளைக்கவில்லை" என்றால், அது விதை மேல் உள்ள குற்றமா, வைத்தவர் மேல் உள்ள குற்றமா? இறுக மூடும் கண்ணாடி பாட்டில் ஒன்று, அதில் ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மூலை. இவ்வளவே செலவு. வெளியே எடுத்ததும் பாட்டிலை உடனே திறந்துவிடாதீர்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்; இல்லையென்றால் குளிர்ந்த விதை மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாக வந்து படியும்.

எதிரணிச் சகோதரி வீரியத்தைப் பற்றிப் பேசினார். பழைய விதை முளைத்தாலும் நாற்று சோனியாக வரும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. முளைக்கும் திறன் போவதற்கு முன்பே விதையின் வேகம் குறையத் தொடங்கிவிடும். ஆகவேதான் நான் எத்தனை முளைத்தது என்று மட்டும் எண்ணுவதில்லை, எத்தனையாவது நாளில் முளைத்தது என்றும் குறித்துக்கொள்கிறேன். நாற்றங்காலில் இருபது நாற்று வந்தால் இருபதையுமா நடுகிறோம்? முந்தி வந்ததும் தண்டு தடித்ததுமாக ஆறைப் பொறுக்கி எடுத்துத்தானே நடுகிறோம்? கையில் 270 விதை இருப்பவருக்குப் பொறுக்கி எடுக்க நிறைய இடம் உண்டு.

அவரே இன்னொன்றும் சொன்னார்: வீரிய ஒட்டு ரகத்தில், அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைபிரிட்டில், மிஞ்சியதைப் போட்டால் ரகம் மாறிவிடும் என்று. இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிவிட்டன. ஒட்டு ரகச் செடியில் காய்த்த பழத்திலிருந்து நாமே விதை எடுத்துப் போட்டால், பிள்ளைகள் தாயைப்போல இருக்காது, உண்மை. ஆனால் பாக்கெட்டில் மிஞ்சியது அந்தப் பழத்தின் விதையா? போன வருடம் நீங்கள் போட்டதன் உடன்பிறப்பு அது. டப்பாவில் உட்கார்ந்திருந்ததால் அதன் பரம்பரை மாறிவிடாது. "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா" என்று நம் பெரியவர்கள் கேட்டது இதைத்தானே!

கடைசியாக, எதிரணித் தலைவர் உணர்ச்சியோடு சொன்ன ஒன்று. "முளைக்கவில்லை என்று தெரிவதற்குள் பருவம் போய்விடுமே, அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்?" என்றார். தோட்டம் போடுகிறவருக்கு இதைவிட நியாயமான பயம் இல்லை. நானும் அந்தப் பயத்தில் தூக்கம் கெட்டிருக்கிறேன். விற்றவர் பெயர் வேண்டாம், ஒரு முறை புதிதாக வாங்கிய வெங்காய விதையை அப்படியே பாத்தியில் தூவினேன். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியும் மண் மண்ணாகவே கிடந்தது. புதிதுதானே என்ற நம்பிக்கையில் நான் சோதிக்கவில்லை. பருவம் போனது, திரும்பி வரவில்லை. பழையது என்பதால் வந்த நட்டமில்லை அது, கேட்காமல் விதைத்ததால் வந்தது. மிஞ்சிய விதையை வைத்திருப்பவர் சந்தேகத்தோடுதான் தொடங்குகிறார்; அந்தச் சந்தேகமே அவரைப் பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஈரத்துணியை எடுக்க வைக்கிறது. பத்துக்கு ஏழு என்றால் வழக்கம்போல் விதைக்கலாம். ஐந்து என்றால் இரு மடங்கு நெருக்கித் தூவலாம். மூன்றுக்குக் கீழே என்றால் கடைக்குப் போகலாம், அதற்கும் நாள் இருக்கிறது.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அந்த ஏழு முளைகளில் ஆறு இப்போது தொட்டியில் நிற்கின்றன, இரண்டு விதையிலைகளுக்கு நடுவே முதல் உண்மை இலை விட்டிருக்கிறது. ஏழாவதை உங்களுக்காக இந்தச் சிறு கிண்ணத்தில் கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் உங்கள் பேனாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். தீர்ப்பு எழுதும்போது அது உங்கள் கண்ணில் படட்டும். நன்றி, வணக்கம்.