டீச்சராக இருந்துகொண்டே ஸ்கூல் போர்டு தேர்தலில் நிற்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்தது கலிபோர்னியாவிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி. ஃப்ரீமான்ட்டில் குடியிருக்கிறாராம், பக்கத்து ஊர் பள்ளி மாவட்டத்தில் கணக்கு டீச்சர். "2026 நவம்பரில் எங்கள் ஊர் ஸ்கூல் போர்டுக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். வேலையை விட வேண்டியிருக்குமா? டீச்சர் என்பது எனக்குச் சாதகமா, பாதகமா?" என்று கேட்கிறார்.

ஸ்கூல் போர்டு என்றால் ஒரு பள்ளி மாவட்டத்தை, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் அமைப்பை, நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழு. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். விட வேண்டாம். நீங்கள் சம்பளம் வாங்குவது ஒரு மாவட்டத்தில், நிற்கப்போவது இன்னொரு மாவட்டத்தில். வேலை பார்க்கும் மாவட்டத்துக்கே நின்றால்தான் சிக்கல். அப்போதும் நிற்பதற்குத் தடை இல்லை, ஆனால் ஜெயித்தால் பதவிப் பிரமாணத்துக்கு முன்னால் ராஜினாமா செய்துவிட வேண்டும். செய்யாமல் பிரமாணம் எடுத்தால் வேலை தானாகவே போய்விடும், கலிபோர்னியா கல்விச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மற்றபடி 18 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அந்த மாவட்டத்தில் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. சான்பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு ஓட்டுப் போடலாம் என்று 2016-ல் முடிவானதல்லவா, அதைக் கேள்விப்பட்டுச் சிலர் குழம்புகிறார்கள். அது அந்த ஊரில் ஓட்டுப் போடுவதற்கு மட்டும்.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2002-ல் நிறைவேறிய மாநில வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிறைய மாவட்டங்கள் ஊர் முழுக்க ஒரே தேர்தல் என்பதை விட்டுவிட்டுத் தொகுதி தொகுதியாகப் பிரித்துவிட்டன. உங்கள் வீடு இருக்கும் தொகுதிக்கு இந்த முறை தேர்தல் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் இன்னும் 2 வருடம் காத்திருக்க வேண்டும்.

இப்போது சாதக பாதகம். டீச்சர் என்பது ஜெயிப்பதற்குச் சாதகம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கலிபோர்னியா வாக்குச்சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே 3 வார்த்தைக்குள் உங்கள் தொழிலைப் போட்டுக்கொள்ளலாம். ஸ்கூல் போர்டு வரிசைக்கு வரும்போது பாதிப் பேருக்கு ஒரு வேட்பாளரையும் தெரியாது, அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான் குத்துகிறார்கள். "ஆசிரியர்" என்பதை விட நல்ல வார்த்தை அங்கே கிடைக்காது. ஆனால் எதிராளியும் டீச்சராக இருந்தால்? 2017-ல் லாஸ் ஏஞ்சலஸில் அதுதான் நடந்தது. போர்டு தலைவராக இருந்த ஸ்டீவ் ஸிம்மரும் முன்னாள் டீச்சர், அவரைத் தோற்கடித்த நிக் மெல்வாயினும் முன்னாள் டீச்சர். ஒருவருக்கு ஆசிரியர் சங்கம், இன்னொருவருக்கு சார்ட்டர் பள்ளி, அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பள்ளிகளின், ஆதரவாளர்கள். அந்த வருடத் தேர்தலில் ஏறக்குறைய 1.5 கோடி டாலர் கொட்டினார்கள், ஸ்கூல் போர்டுக்கு! பயப்படாதீர்கள், உங்கள் ஊரில் அப்படி இருக்காது. 2,000 டாலருக்குள் வரவு செலவை முடித்துக்கொண்டால் கணக்குக் காட்ட ஒரு சின்னப் படிவம் போதும். தேர்தல் கையேட்டில் உங்களைப் பற்றி 200 வார்த்தை அச்சடிக்க மட்டும் தனியாகக் காசு கேட்பார்கள், கவுண்டிக்குக் கவுண்டி (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதி) தொகை மாறும். ஒரு முக்கியமான விஷயம்: பள்ளி ஈமெயில், பள்ளி ஜெராக்ஸ் மெஷின் எதையும் பிரசாரத்துக்குத் தொடவே கூடாது.

நான் யோசிக்கச் சொல்வது ஜெயித்த பிறகு வரும் பாடுகளைப் பற்றி. போர்டு பாடம் நடத்துவதில்லை. மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டன்டை நியமிக்கிறது, பட்ஜெட்டை ஓட்டுக்கு விடுகிறது, கொள்கைகளை நிறைவேற்றுகிறது. 5 பேர் போர்டு என்றால் 3 ஓட்டு சேர்ந்தால்தான் எதுவும் நகரும், தனியாக உங்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு பள்ளிக்குப் போய் "இந்த வகுப்பில் 34 பிள்ளைகளா, குறையுங்கள்" என்று பிரின்சிபாலிடம் சொல்லக்கூட முடியாது. நல்ல டீச்சர்களுக்கு இதுதான் பொறுக்காது, கண்ணெதிரே தப்பு தெரியும், கை வைக்க முடியாது. சரி, மற்ற இரண்டு பேரிடம் தனியாகப் பேசி வைத்துக்கொள்ளலாமே என்றால் அதுவும் ஆகாது, 1953-லிருந்தே பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே போர்டு விவகாரத்தைப் பேசி முடிவெடுக்கக் கூடாது.

அப்புறம் சம்பளப் பேச்சுவார்த்தை. பிரசாரத்தின்போது ஆசிரியர் சங்கம் உங்களை ஆதரித்திருக்கும், ஜெயித்ததும் நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம். கலிபோர்னியாவில் மாநிலப் பணம் பிள்ளைகளின் தினசரி வருகைக் கணக்கைப் பார்த்து வருகிறது, பிள்ளைகள் குறைந்தால் பணமும் குறையும், அப்போது யாரை வேலையை விட்டு அனுப்புவது, எந்தப் பள்ளியை மூடுவது என்று ஓட்டுப் போட வேண்டியது நீங்கள்தான். உங்களைப் போன்ற டீச்சர்களே எதிர்ப்பைக் காட்ட எதிரே சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

டீச்சர் என்பதற்காக ஊரும் விட்டுவிடாது. சான்பிரான்சிஸ்கோவில் கேப்ரியேலா லோபஸ் டீச்சராக இருந்து போர்டுத் தலைவர் ஆனவர். கோவிட் சமயத்தில் பள்ளிகள் மூடிக் கிடக்க, போர்டு 44 பள்ளிகளுக்குப் பெயர் மாற்றும் வேலையில் இறங்கியது என்று பெற்றோர் கொதித்துப்போய் 2022 பிப்ரவரியில் அவரையும் இன்னும் 2 பேரையும் ஓட்டுப் போட்டுப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மறுபக்கம் ஜாக்கி கோல்ட்பர்க் இருக்கிறார், காம்ப்டனில் டீச்சராக இருந்தவர், 1983-லிருந்து 1991 வரை லாஸ் ஏஞ்சலஸ் போர்டில் இருந்துவிட்டு, நகர சபை, மாநில சட்டசபை எல்லாம் போய், 2019-ல் திரும்பவும் போர்டுக்கே வந்தார். ஆகவே டீச்சர்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை, நில்லுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர் போர்டு கூட்டங்களுக்குப் போய்க் கடைசிவரை உட்காருங்கள், முக்கியமாக பட்ஜெட் கூட்டங்களுக்கு. ஜூலை 1-க்குள் பட்ஜெட் நிறைவேறியாக வேண்டும் என்பதால் ஜூனில் அது வரும். அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், மனுத்தாக்கல் ஜூலை 13-லிருந்து ஆகஸ்ட் 7 வரை, படிவம் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கிடைக்கும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.