பெட்டி போட்டா மட்டும் போதாது, சிவப்புப் பேனாவையும் எடுங்க

வணக்கம் மக்களே! இன்னைக்கு கோடு, நீள்வட்டம், பெட்டி மூணையும் ஸ்கேல் இல்லாம வெறும் கையால வரைஞ்சு பழகப் போறோம். கேமரா மேல இருந்து டேபிளைப் பாத்துக்கிட்டு இருக்கு, அதனால என் மூஞ்சி தெரியாது, கை மட்டும்தான். கொஞ்சம் ஏ4 பேப்பர், 0.5 சைஸ்ல ஒரு கருப்பு ஃபைன்லைனர் (மெல்லிசான முனை வெச்ச பேனா), ஒரு சிவப்புப் பேனா. ரப்பரை டிராயர்ல போட்டுப் பூட்டியாச்சு. ரப்பர் கையில இருந்தா கோடு போடும்போதே "அழிச்சுக்கலாம்"னு ஒரு மெத்தனம் வந்துடும். பேனாவுல அந்தப் பேச்சே இல்ல.

கோட்டுக்கு ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன். ரெண்டு புள்ளி வைங்க. பேனா முனை பேப்பரைத் தொடாம அந்தப் புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவுல காத்துலயே ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாருங்க. கைக்கு வாகா பேப்பரைத் திருப்பிக்கோங்க. அப்புறம் ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தாதீங்க, மேல மேல போட்டுத் திருத்தாதீங்க. இதோ... இந்தக் கோடு புள்ளியைத் தாண்டி அரை சென்டிமீட்டர் போயிடுச்சு. பக்கத்துல இருக்கிறது புள்ளியில கரெக்டா நிக்குது, ஆனா நடுவுல பாருங்க, நடுங்கியிருக்கு. என்னைக் கேட்டா தாண்டிப் போனதுதான் நல்ல கோடு. எங்க நிறுத்தணும்னு கை போகப் போகக் கத்துக்கும். நடுக்கம் வர்றது கண்ணு வழி நெடுக கையைத் திருத்திக்கிட்டே போறதால. அந்தப் பழக்கம் சீக்கிரம் விடாது.

நீளக் கோடுன்னா தோள்ல இருந்து அசைங்க. மணிக்கட்டு ஒரே இடத்துல நின்னு சுத்துற மூட்டு, அதை மட்டும் நம்பி இழுத்தா கோடு வில்லா வளையும். எழுதிப் பழகின கை மணிக்கட்டுக்குத்தான் போகப் பாக்கும், விடாதீங்க.

சரி, அடுத்தது எலிப்ஸ். நீள்வட்டம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை. வசாரின்னு ஒருத்தர் 1550-ல இத்தாலி ஓவியர்களோட வாழ்க்கையை எழுதி வெச்சாரு. அதுல, போப்போட ஆளு வந்து ஜோட்டோங்கிற ஓவியர்கிட்ட மாதிரிக்கு ஒரு படம் கேட்டப்போ, அவரு முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, சிவப்பு நிறத்துல ஒரே சுத்துல வட்டம் போட்டுக் குடுத்து அனுப்பிட்டாருன்னு வரும். நிஜமா நடந்துச்சோ இல்லையோ, அந்த முழங்கை சமாச்சாரம் எனக்குப் பிடிக்கும். கையே காம்பஸ்.

நமக்கு வேண்டியது ஆனா படுத்த வட்டம். ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, வாய் உங்க கண் மட்டத்துக்கு வர்ற மாதிரி தூக்குங்க. வாய் வெறும் கோடாத் தெரியும். மெதுவா இறக்குங்க, விரிஞ்சுக்கிட்டே வரும். இப்ப அதே டம்ளரோட அடியைப் பாருங்க. அது கண் மட்டத்துல இருந்து இன்னும் கீழ இருக்கு, அதனால வாயைவிட அடி இன்னும் விரிஞ்சிருக்கும். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாப் போடுவாங்க. டேபிள் தட்டையா இருக்குன்னு மனசுக்குத் தெரியும்ல, அதனால டம்ளர் அடியையும் தட்டைக் கோடா இழுத்துடுவாங்க.

இன்னொண்ணு, மைனர் ஆக்சிஸ். நீள்வட்டத்தைக் குட்டையான பக்கமா சரிபாதியா வெட்டுற கோடு அது. உருளையோ சக்கரமோ எதுவா இருந்தாலும், அதோட நடுவுல ஊடுருவிப் போற அச்சு எந்தப் பக்கம் போகுதோ, மைனர் ஆக்சிஸும் அதே பக்கம்தான் போகணும். அதனால அச்சுக் கோட்டை முதல்ல போட்டுட்டு, அதுக்கு மேல நீள்வட்டத்தை நிறுத்தாம ரெண்டு சுத்து சுத்துங்க. ரெண்டு ஓரமும் கூரா வந்தா கை அங்க தயங்குதுன்னு அர்த்தம், வேகத்தைக் கூட்டுங்க. வட்டத்தோட நிஜ மையம் நீள்வட்டத்தோட நட்ட நடுவுல இருக்காது, நம்மளவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பின்னாடி இருக்கும். சைக்கிள் சக்கரம் வரையும்போது அது தேவைப்படும், இன்னைக்கு விட்டுடுவோம்.

இப்ப பெட்டி. எனக்கு ரொம்பப் பிடிச்ச பயிற்சி, ஏன்னா இதுல ஏமாத்தவே முடியாது.

நமக்குக் கிட்ட இருக்கிற மூலையில ஆரம்பிங்க. அங்க இருந்து மூணு கோடு, ஒய் எழுத்து மாதிரி. நடுவுல வர்ற மூணு கோணமும் 90 டிகிரிக்கு மேல இருக்கட்டும், இல்லன்னா பெட்டி கோணிக்கிட்டு நிக்கும். பெட்டிக்கு மொத்தம் 12 விளிம்பு. நாலு நாலா மூணு கூட்டம். நிஜத்துல ஒரு கூட்டத்துல இருக்கிற நாலும் இணைகோடு. நம்ம கண்ணுக்கு அது தள்ளிப் போகப் போக நெருங்கி, ஒரே புள்ளிக்குப் போகுது, அதுதான் வேனிஷிங் பாயிண்ட். அந்தப் புள்ளி பேப்பருக்கு வெளிய எங்கயோ இருக்கும், நாம குத்துமதிப்பாத்தான் போடுறோம். மறைஞ்சிருக்கிற மூணு விளிம்பையும் சேத்துப் போட்டுடுங்க, கண்ணாடிப் பெட்டின்னு வெச்சுக்கோங்க.

பாக்க நல்லாத்தான் இருக்கு இல்ல? இங்கதான் எல்லாரும் அடுத்த பெட்டிக்குப் போயிடுவாங்க. போகாதீங்க. சிவப்புப் பேனாவை எடுங்க, ஸ்கேலும் எடுங்க. வரையும்போது ஸ்கேல் கூடாது, சோதிக்கும்போது கட்டாயம் வேணும். ஒவ்வொரு கூட்டத்தையும் நம்மளவிட்டுத் தள்ளிப் போற பக்கமா நீட்டுங்க. இந்தப் பக்கமா நீட்டிட்டா ஒண்ணும் புரியாது.

பாருங்க. இந்தக் கூட்டத்துல மூணு கோடு ஒழுங்காச் சேந்து போகுது. நாலாவது குறுக்க வெட்டிக்கிட்டு ஓடுது. அது எந்தக் கோடு? பின்னாடி மறைஞ்ச மூலைக்குப் போற கோடு. அநேகமா அதுதான் மாட்டும், முன்னாடி போட்ட கோட்டுல இருக்கிற சின்னச் சின்னப் பிசகு எல்லாம் சேந்து அந்த மூலையிலதான் வந்து விழும். அதனால அந்த மூலையை ஒட்டுப் போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. அடுத்த பெட்டியில ஒரு கோடு போடுறதுக்கு முன்னாடி, பக்கத்துக் கோட்டை மட்டும் பாக்காம, அதே கூட்டத்துல இருக்கிற மிச்ச மூணையும் பாத்துட்டுக் காத்துல ஓட்டுங்க.

வரைஞ்சதைச் சோதிச்சுப் பாக்கிறது நம்ம கண்டுபிடிப்பு இல்ல. 15-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல இத்தாலியில ஃப்ளாரன்ஸ்ல புருனெலெஸ்கின்னு ஒரு கட்டடக் கலைஞர், அங்க இருக்கிற பாப்டிஸ்ட்ரியை, அதாவது ஞானஸ்நானக் கட்டடத்தை ஒரு பலகையில வரைஞ்சு, பலகையில ஒரு ஓட்டை போட்டாரு. பின்பக்கமா ஓட்டை வழியாப் பாக்கணும், எதிர்ல ஒரு முகம் பாக்கிற கண்ணாடி பிடிக்கணும். கண்ணாடியில படம் தெரியும், அதை எடுத்தா நிஜக் கட்டடம். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு யாரு வேணா பாத்துக்கலாம். ஆல்பர்ட்டின்னு ஒரு அறிஞர், தள்ளிப் போற கோடு ஒரு புள்ளியில சேர்ற மாதிரி வரையுற முறையை எழுதி வெச்சது அதுக்கப்புறம்தான், 1435-ல.

கோடு ரொம்பச் சீக்கிரம் சேந்துட்டா முன் மூலை மூஞ்சியில குத்துற மாதிரி வரும். முதல் கொஞ்ச நாளைக்கு வேனிஷிங் பாயிண்ட்டைத் தூரமா வெச்சே போடுங்க, மெல்ல நெருங்குற கோடுதான் கண்ணைப் பழக்கும்.

அடுத்த வீடியோல பெட்டியோட எதிரெதிர் முகம் ரெண்டுலயும் நீள்வட்டம் போட்டு சிலிண்டர் பண்ணப் போறோம். இன்னைக்கு நீங்க போடுற பெட்டியில சிவப்புக் கோட்டுக்குத் தப்பின ஒண்ணு ரெண்டை எடுத்து வைங்க, அதுக்குள்ளயேதான் போடப் போறோம். பாக்கலாம் மக்களே.