குனியத் தெரிந்தால் போதுமா?

நடுவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும், முன்னால் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மாருக்கும் வணக்கம்.

இளைஞர்களுக்கு வாழக் கற்றுத் தருவது வயல்வேலையா, கல்லூரி விளையாட்டா என்ற தலைப்பில், வயல்வேலையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்குச் சோறு போடுவது விளையாட்டு. ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் கபடி ஆடினேன், கடைசி ஆண்டில் அணித் தலைவியாகவும் இருந்தேன். விளையாட்டைக் குறைத்துப் பேச எனக்கு நா எழாது. இரண்டு இடங்களிலும் வியர்வை சிந்தியவள் என்ற முறையில், எந்த இடம் எனக்கு எதைக் கற்றுத் தந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நீரஜ் சோப்ராவைப் பற்றி அவர் சொன்னபோது நானும் கை தட்டினேன். அந்த நீரஜ், அரியானாவின் பானிபட் மாவட்டத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை என்பதைத் தம்பி சொல்லாமல் விட்டார். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனும் நம் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போனவர்தான். இந்தப் பட்டியலை நீட்டினால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கிராமத்தில் பிறந்தவர் வென்றார் என்பதாலேயே வயல்தான் அவரை வெல்ல வைத்தது என்று ஆகிவிடாது. அவர்களை வீரர்களாக்கியது அவர்களுடைய பயிற்சி. எனவே அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை.

ஆனால் பேச்சின் நடுவே தம்பி ஒரு வரி சொன்னார். "வயலில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? குனியத் தெரிந்தால் போதும், மீதியைச் சேறு பார்த்துக்கொள்ளும்" என்றார். அவை சிரித்தது. பாயில் அமர்ந்திருக்கும் பெண்களும் சிரித்தார்கள். நாற்பது ஆண்டுகளாக வயலில் குனிந்தவர்களும் அந்தச் சிரிப்பில் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்வதற்கே என் நேரத்தைச் செலவிடப் போகிறேன். நடுவர் அவர்கள் அனுமதிக்க வேண்டும்.

நான் கல்லூரி அணிக்குத் தலைவியாக இருந்த ஆண்டு, புரட்டாசி மாதக் கடைசி, சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். அம்மா நடவு செட்டில் ஒருவர். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஏக்கர் கணக்கில் பேசி நட்டு, கூலியைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் செட்டு அது. ஒருவர் வராவிட்டால் அவருடைய பங்கும் மற்றவர்கள் தலையில் விழும். நான் போகிறேன் என்றேன். "சேத்துல இறங்கவா உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்று அம்மா படுத்தபடியே சத்தம் போட்டார். அவர் கண் அசந்த நேரம் பார்த்துப் புறப்பட்டுவிட்டேன்.

அப்போது என் மனத்தில் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். தினமும் விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவள் நான், தொடையில் வலுவும் மூச்சில் பிடிப்பும் இருக்கிறது, அந்தப் பெண்களில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஆகவே எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தேன்.

செட்டுத் தலைவி எனக்குப் பெரியம்மா முறை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடுவில் நிற்கச் சொன்னார். வலப்பக்கம் அவர், இடப்பக்கம் ஓர் அக்கா. நாற்று முடியை அவிழ்த்து, "குத்துக்கு ரெண்டு மூணு நாத்து போதும். ஆழமா போனா தூர் வெடிக்காது, மேலாப்ல வச்சா தண்ணி வந்ததும் மிதந்துரும். நுனி விரலால சேத்தைத் தொடு, அது உன் விரலை வாங்கிக்கும்" என்றார். ஆளுக்கு ஆறு குத்து அகலம். நட்டதை மிதிக்காமல் இருக்கப் பின்னோக்கியே நகர வேண்டும். தம்பி இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். விளையாட்டுத் திடலில் புள்ளிப் பலகை எதிரே இருக்கும், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும். நடவில் முடித்த வேலை மட்டுமே கண் முன்னால் கிடக்கும், மீதி எவ்வளவு என்பது முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போயிற்று. கபடியிலும் குனிகிறோம். ஆனால் அங்கே ஒருவர் பாடிப் போய்த் திரும்ப 30 விநாடிதான், அதற்குள் தொட்டோ தொடாமலோ நிமிர்ந்துவிடுகிறோம். வயலில் நிமிர்வதற்கு விசில் இல்லை. ஒன்பது மணிக்கு இடுப்பு எரிந்தது. பத்து மணிக்குக் கெண்டைக்கால் சேற்றிலிருந்து வர மறுத்தது. பெருவிரல் நகத்துக்குள் மண் ஏறி, ஒவ்வொரு குத்துக்கும் ஊசி குத்துவதுபோல வலித்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டேன். வரிசை ஒரே நேர்க்கோடாக நகர்ந்தது. பெரியவர்களோடு நானும் ஈடு கொடுக்கிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. யாரோ குலவை போட்டார்கள், நானும் போட்டேன்.

நடுப்பகலில் கஞ்சி குடிக்க வரப்பேறித் திரும்பிப் பார்த்தேன். எந்த மேடையில் பேசினாலும் நான் விடாமல் சொல்லும் இடம் இது. இன்றும் நிறுத்தித்தான் சொல்வேன்.

என் நடவு எனக்கே அடையாளம் தெரிந்தது. மற்றவர்களின் குத்துகள் மெலிதாக, நேராக நின்றன. என்னுடையவை குத்துக்கு ஐந்தாறு நாற்றாகத் தடித்து, ஆழமாகப் புதைந்து, நுனி மட்டும் வெளியே தெரிய நின்றன. வரப்பில் நின்று எண்ணினேன். தொடங்கிய இடத்தில் அந்தத் தடித்த குத்துகள் ஆறு வரிசை. நாலு எட்டு தள்ளி, நான்கு வரிசை. அதற்கும் பிறகு இரண்டே வரிசை. வரப்பு வரைக்கும் இரண்டே வரிசைதான். ஆறு குத்து நட வேண்டியவள் இரண்டு நட்டிருக்கிறேன். வலப்பக்கத்துப் பெரியம்மா தன் ஆறோடு என்னுடைய இரண்டையும் சேர்த்து எட்டு நட்டிருக்கிறார், இடப்பக்கத்து அக்காவும் எட்டு நட்டிருக்கிறார். நான் பின்தங்கவே இல்லை. பின்தங்க அவர்கள் என்னை விடவில்லை. இரண்டு மணி நேரம் அது நடந்திருக்கிறது. ஒரு வார்த்தை இல்லை, ஒரு கடைக்கண் பார்வை இல்லை, "கல்லூரிப் பொண்ணுக்கு முடியலையா" என்ற கேலி இல்லை. என் கையை ஒட்டியே அவர்கள் கை வந்து போயிருக்கிறது, அது எனக்குத் தெரியாதபடி வந்து போயிருக்கிறது. நான் குலவை போட்டபோதுகூட அவர்கள் என் பங்கை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம்பி, குனியத் தெரிந்தால் போதும் என்றீர்களே, பக்கத்தில் நிற்பவளின் பங்குக்கும் சேர்த்துக் குனிவதை எந்தப் பயிற்சியாளர் சொல்லித் தருகிறார்?

அதே ஆண்டு மார்கழியில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. என் அணியில் நல்ல பிடிகாரி ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியிருந்தது, ஆட்டத்தில் வேகம் குறைந்தது. அவளை வெளியே எடுத்துவிடலாமா என்று பயிற்சியாளர் என்னிடம் கேட்டார். எடுத்துவிடலாம் என்றேன். சரியான முடிவு, அந்த ஆட்டத்தை வென்றோம். அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். களத்தில் ஏழு பேர்தான் நிற்க முடியும், வேகம் குறைந்தவருக்குப் பதிலாக வேகம் உள்ளவர் இறங்க வேண்டும், போட்டி என்றால் அப்படித்தான். ஆட்டமிழந்து வெளியே போனவரைப் புள்ளி எடுத்து மீட்டு உள்ளே கொண்டுவரும் அழகான விதி கபடியில் இருக்கிறது என்று எதிரணியினர் சொல்லக்கூடும். உண்மைதான், அந்த விதிக்காகவே எனக்குக் கபடி பிடிக்கும். ஆனால் அங்கே மீட்கப்படுவது ஆட்டமிழந்தவர். முடியாதவருக்கு வெளியே இடம் காட்டிவிடுகிறோம். என் அம்மாவின் செட்டில் வெளியே என்று ஓர் இடமே இல்லை. பன்னிரண்டு பேர் இறங்கினால் பன்னிரண்டு பேராகத்தான் கரை ஏறுவார்கள்.

தோல்வியைத் தாங்கக் கற்றுத் தருவது விளையாட்டே என்றும் சொன்னார்கள். நாம் டெல்டாக்காரர்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டும்; 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஆட்டம் தொடங்கும் விசிலுக்காகக் காத்திருந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வேரோடு சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகளை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். தோற்ற அணிக்கு அடுத்த ஆட்டம் அடுத்த வாரம் இருக்கிறது. தென்னங்கன்று வைத்தவருக்கு அடுத்த காய் ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத்தான். அந்தக் கன்றை வைத்த கைகளைத் தெரிந்த அவையில் இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். வயல் அவ்வளவு நல்ல ஆசிரியர் என்றால், நடவுப் பெண்கள் தங்கள் மகள்களை ஏன் சேற்றில் இறங்க விடுவதில்லை? என் அம்மாவே விடவில்லையே? நியாயமான கேள்வி. சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு அடுத்த நாளும் இறங்கிய கால் அவருடையது. அந்தக் கால் என் காலாக வேண்டாம் என்று அவர் நினைத்தது முழுக்க நியாயம். அந்த வேலைக்குத் தகுந்த கூலியையும் மரியாதையையும் நாம் தரவில்லை. அது நம் குற்றம், வயலின் குற்றமல்ல. பிள்ளைகள் காலமெல்லாம் நாற்று நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேளாண் மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வது அவர்களுடைய படிப்பிலேயே இருக்கிறது. மற்ற மாணவர்களும் ஒரு போகம், ஒரே ஒரு போகம், ஒரு செட்டோடு இறங்கிப் பார்க்கட்டும். நடவு இயந்திரம் வந்துவிட்டது. வரட்டும், இடுப்புகள் பிழைக்கட்டும். ஆனால் பக்கத்தில் நிற்பவளின் இரண்டு குத்தைச் சத்தமில்லாமல் நடும் கையை அந்த இயந்திரத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்று மாலை கூலி பிரித்தார்கள். எனக்கும் முழுப் பங்கு வந்தது. நான் வாங்கவில்லை. "நான் நட்டது மூன்றில் ஒரு பங்குதான் பெரியம்மா, எண்ணிப் பார்த்துவிட்டேன்" என்றேன். அவர் காலைக் கழுவிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "உன்னை வயித்துல வச்சிருந்தப்போ உங்கம்மா பங்கை நான் நட்டேன். என் மவ பொறந்தப்போ என் பங்கை உங்கம்மா நட்டா. யாருக்கு எவ்வளவுன்னு எண்ணிக்கிட்டு நின்னா நடவு முடியுமா? வாங்கிக்க, அம்மாவுக்கு மாத்திரை வாங்கு."

நடுவர் அவர்களே, நான் பிறப்பதற்கு முன்பே எனக்காக ஒருவர் குனிந்திருக்கிறார் என்பதை எனக்கு வயல்தான் சொன்னது.

அந்தப் பெரியம்மாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். இடுப்பு போய்விட்டது, சேற்றில் இறங்க முடியாது. இந்தச் சம்பாவுக்கும் செட்டோடு வந்தார், வரப்பில் உட்கார்ந்திருந்தார், முடி எண்ணிக் கொடுத்தார். பதினோரு பேர் நட்டார்கள். கூலி பன்னிரண்டாகத்தான் பிரிந்தது.

அவர் இன்று வந்திருக்கிறார். அதோ, பாயின் கடைசியில், தூணில் சாய்ந்து, என் அம்மாவுக்குப் பக்கத்தில். தம்பி பேசியபோது அவரும் சிரித்தார், நான் பார்த்தேன். தம்பி, கூட்டம் முடிந்ததும் ஒரு நிமிடம் அவரிடம் போய்ப் பேசுங்கள். அவரால் எழுந்து நிமிர முடியாது. நீங்கள்தான் குனிய வேண்டும்.