கு க்ளக்ஸ் கிளானுக்கு எரியும் சிலுவையைக் கொடுத்தது ஒரு நாவல்!

[திரையில்: இருட்டில் ஒரு குன்று. உச்சியில் எரியும் சிலுவை. சுற்றிலும் வெள்ளை அங்கி அணிந்த உருவங்கள்.]

இந்தக் காட்சியைப் பல முறை பார்த்திருப்பீர்கள். அமெரிக்க நிறவெறி என்றதும் பலருக்கும் முதலில் கண்முன் வருவது இதுதான். கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு தோன்றிய நாளிலிருந்தே சிலுவையை எரித்து வந்தது என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். 1860களில் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய முதல் கிளான் ஆட்களை அடித்தது, கொன்றது, கட்டடங்களைக் கொளுத்தியது. சிலுவையைக் கொளுத்தவில்லை.

அதைக் கொளுத்தியவர் தாமஸ் டிக்சன் என்ற நாவலாசிரியர். அதுவும் காகிதத்தில். ஸ்காட்லாந்து மலைக்குடிகள் போருக்கு ஆள் திரட்டத் தீச்சிலுவையை ஊர் ஊராக அனுப்பிய பழைய வழக்கம் ஒன்று உண்டு. 1905ல் வெளிவந்த 'தி கிளான்ஸ்மேன்' நாவலில் அதை எடுத்துக் கிளான்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார் டிக்சன். பத்து ஆண்டுகள் கழித்து அந்த நாவல் படமானது. அதே 1915 நவம்பரில் வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் அட்லாண்டா அருகே உள்ள ஸ்டோன் மவுண்டன் குன்றின் மேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். நிஜமாகவே ஒரு சிலுவையை எரித்து, எப்போதோ செத்துப்போயிருந்த கிளானுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். சில நாட்களில் அட்லாண்டாவில் படம் வெளியானபோது, செய்தித்தாளில் பட விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே கிளானின் விளம்பரமும் வந்தது.

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்று கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். இந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து ஆட்களே இறங்கி வந்து தீ வைத்திருக்கிறார்கள்!

வரலாற்றுப் பின்னணியை ஒரே மூச்சில் தாண்டிவிடுவோம். 1865ல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. தெற்கு மாநில வெள்ளையர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை. மிரட்டியும் சட்டம் போட்டும் அதைப் பறித்தார்கள். போதும், படத்துக்கு வருவோம்.

டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. மூன்று மணி நேர ஊமைப்படம். வெள்ளை மாளிகையிலேயே ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்குப் போட்டுக் காட்டினார்கள். "வரலாற்றை மின்னலால் எழுதியது போல் இருக்கிறது" என்று வில்சன் பாராட்டியதாக ஒரு மேற்கோள் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அன்றைய சான்று எதுவும் இல்லை. தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை. வில்சன் எழுதிய வரலாற்று நூலின் வரிகளே படத்தில் எழுத்து அட்டைகளாக வருகின்றன.

இனி வருவதுதான், இந்த வீடியோவை நான் எடுத்ததற்கே காரணமான இடம்.

[திரையில்: மூன்று கட்டங்கள். ஓர் அறை. ஒரு குடிசை. பாய்ந்து வரும் குதிரைகள்.]

படத்தின் உச்சக்கட்டம். ஓர் அறையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி; அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கும் கலப்பினத் தலைவன் ஒருவன். வேறோர் இடத்தில் ஒரு சிறிய குடிசை. உள்ளே ஒரு வெள்ளைக் குடும்பம், வெளியே சுற்றி வளைத்திருக்கும் கறுப்பினப் படை. மூன்றாவதாக, குதிரைகளில் விரைந்து வரும் கிளான். அறை, குதிரை, குடிசை, குதிரை, மறுபடி அறை என்று கிரிஃபித் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். அரங்கில் இசைக்குழு வாக்னரின் 'வால்கிரிகளின் சவாரி'யை முழங்குகிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவரின் மனம் "சீக்கிரம் வந்து சேருங்களேன்!" என்று கெஞ்சுகிறது. யாரிடம் கெஞ்சுகிறது? ஒரு கொலைகாரக் கும்பலிடம்.

நிறவெறிப் படம் என்றால் ஆளுக்கு ஆள் வெறுப்பைக் கக்கிப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். இது ஊமைப்படம். இங்கே வெறுப்பு படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. யாருக்காக நம் நெஞ்சு படபடக்க வேண்டும், யார் வந்தால் நாம் பெருமூச்சு விட வேண்டும் என்பதையெல்லாம் நமக்காக ஒருவர் முடிவுசெய்துவிட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள்: படத்தின் முக்கியமான கறுப்பின வில்லன்களாக நடித்தவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்ட வெள்ளை நடிகர்கள். பூச்சாண்டி வேடம் போட்டவர்களும் அவர்களே, அலறியவர்களும் அவர்களே!

காப்பாற்றி முடித்த பிறகு படம் என்ன காட்டுகிறது தெரியுமா? அடுத்த தேர்தல் நாளை. வாக்களிக்க வாசலுக்கு வரும் கறுப்பின மக்கள், துப்பாக்கியோடு வரிசை கட்டி நிற்கும் கிளானைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் திரும்பிப் போகிறார்கள். படத்தைப் பொறுத்தவரை இது சுபமான முடிவு.

இதற்குப் பதில் ஐந்தே ஆண்டுகளில் வந்தது. தெற்கு டகோட்டாவில் விவசாயம் பார்த்து, தான் எழுதிய நாவல்களை வீடு வீடாக விற்று, பிறகு சினிமாவுக்கு வந்தவர் ஆஸ்கர் மிஷோ. கறுப்பின இயக்குநர். 1920ல் அவர் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' படத்தின் உச்சக்கட்டத்திலும் காட்சிகள் மாறி மாறி வருகின்றன. ஆனால் இந்தப் பக்கம் ஒரு கறுப்பினத் தம்பதியை வெள்ளைக் கும்பல் தூக்கில் போடுகிறது. அந்தப் பக்கம் அவர்களுடைய வளர்ப்பு மகளை ஒரு வெள்ளைக்காரன் பலாத்காரம் செய்ய முனைகிறான். கிரிஃபித் காட்டியதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார் மிஷோ. குதிரையில் யாரும் வரவில்லை. அந்த ஆள் நிறுத்துவதற்கு ஒரே காரணம், அவள் மார்பில் இருக்கும் ஒரு தழும்பு. அதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிகிறது: அவள் அவனுடைய சொந்த மகள்.

இந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் யோசித்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அடிமை முறையின் காலம் முழுக்க யார் யாரைத் தொட்டார்கள் என்ற உண்மையை ஒரு தழும்பை வைத்துப் போட்டு உடைக்கிறார் மிஷோ. இந்தப் படம் பல பத்தாண்டுகள் தொலைந்து கிடந்தது. 1970களில் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் ஒரு பிரதி அகப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993ல் அதைச் சீரமைத்தது. கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முழுநீளப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் இதுதான் மிகப் பழையது.

அதே ஆயுதத்தை 2018ல் மூன்றாவது ஆள் கையில் எடுத்தார். ஸ்பைக் லீ. திரைப்பட மாணவராக இருந்தபோதே கிரிஃபித்துக்குப் பதிலடியாக ஒரு குறும்படம் எடுத்தவர். அவருடைய 'பிளாக்க்ளான்ஸ்மேன்' படத்தில் கிளான்காரர்கள் கூடி உட்கார்ந்து 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' பார்த்து ஆரவாரம் செய்கிறார்கள். அந்த ஆரவாரத்தை வெட்டி வெட்டி இன்னோர் அறைக்குப் போகிறது கேமரா. அங்கே 90 வயதைத் தொட்டுவிட்ட கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே உட்கார்ந்து, 1916ல் டெக்சாஸின் வேக்கோ நகரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற இளைஞனைக் கும்பல் எரித்துக் கொன்ற கதையைத் தணிந்த குரலில் சொல்கிறார். இது நாவலாசிரியரின் கற்பனை அல்ல. அந்தக் கொலையைப் படம் பிடித்து அஞ்சல் அட்டைகளாக விற்றார்கள். கிரிஃபித் தீட்டிய கத்தி நூறு ஆண்டு கழித்து அவர் பக்கமே திரும்பியதைப் பார்த்து நான் கைதட்டினேன், மறைப்பானேன்?

(சேனலுக்குப் புதியவர்கள் சந்தாதாரர் ஆகுங்கள். பழையவர்கள், இதற்குள் ஏதாவது குறை கண்டுபிடித்திருப்பீர்கள். கீழே எழுதுங்கள்.)

புத்தகங்களுக்கு வருவோம். டாம் என்ற கறுப்பின அடிமையின் கதையாக 1852ல் வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவல் அமெரிக்காவில் முதல் ஆண்டிலேயே 3 இலட்சம் பிரதிகள் விற்றது. வெள்ளையர் முன் குழைந்து நிற்பவரைத் திட்ட இன்றும் டாமின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நாவலிலோ, தப்பிய இரண்டு பெண்கள் எங்கே என்று காட்டிக்கொடுக்க மறுத்து அடிபட்டே சாகிறவர் அவர். டாமை அடிவருடியாக்கியது பின்னால் ஊர் ஊராக நடந்த மேடை நாடகங்கள்.

1960ல் வந்த ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எனக்குப் பிடித்த நாவல். நீதிமன்றத்தில் தோற்றுப்போய் வெளியேறும் வெள்ளை வழக்கறிஞருக்காக, மேல்மாடத்தில் இருக்கும் கறுப்பின மக்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கும் இடத்தில் யாருக்கும் தொண்டை அடைக்கும். அடைத்த தொண்டையோடு ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற கறுப்பினத்தவர் டாம் ராபின்சன் தன் வீட்டில் எப்படிச் சிரித்தார், பிள்ளைகளிடம் எப்படிப் பேசினார்? நமக்குத் தெரியாது. அவர் சுட்டுக் கொல்லப்படுவதும் கதைக்கு வெளியே நடந்து, நமக்குச் செய்தியாகத்தான் வந்து சேருகிறது. நாவலின் நோக்கம் நல்லது. ஆனால் நாவல் நிற்கும் இடம் வழக்கறிஞரின் வீட்டுத் திண்ணை.

ஆப்பிரிக்காவைப் பற்றிய எழுத்தில் இதே கேள்வியைக் கூச்சமே இல்லாமல் கேட்டவர் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி. 1975ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' எழுதிய ஜோசப் கான்ராட் ஓர் இனவெறியர் என்று மேடையிலேயே போட்டு உடைத்தார். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் நடத்திய கொள்ளையைக் கண்டித்த நாவலல்லவா அது என்று பலரும் கொதித்தார்கள். அச்சிபி சுட்டிக்காட்டியது எளிய விஷயம். நாவல் முழுக்க ஆப்பிரிக்கர்கள் வாய் திறந்து மொழியில் பேசுவது இரண்டே இரண்டு இடங்களில். ஒன்று, மனிதனைத் தின்னக் கேட்பதற்கு. மற்றொன்று, வெள்ளைக்காரர் இறந்துவிட்டார் என்று அறிவிப்பதற்கு! கான்ராட் கொள்ளையைக் கண்டித்தது உண்மை. கொள்ளை போனவர்களைப் பின்னணித் திரையாக்கியதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் அவரைப் படிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அச்சிபியின் உண்மையான பதில் 1958லேயே வந்துவிட்டது. தமிழில் 'சிதைவுகள்' என்று மொழிபெயர்க்கப்பட்ட அவருடைய நாவலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். இருநூறு பக்கம் ஒக்கொன்வோ என்ற மனிதனோடு வாழ்ந்திருக்கிறோம். அவன் கோபம், அவன் பயம், அவன் மகள் எல்லாம் தெரியும். அவன் தூக்கில் தொங்குகிறான். அங்கே வந்த வெள்ளை மாவட்ட அதிகாரி, தான் எழுதப்போகும் புத்தகத்துக்கு இது உதவும் என்று யோசிக்கிறார். ஓர் அத்தியாயம் தேறுமோ? அவ்வளவு வேண்டாம், ஒரு பத்தி போதும். இத்தனை நேரம் நாம் படித்த ஒரு முழு வாழ்க்கை, இன்னொருவர் பேனாவுக்குள் போனதும் ஒரு பத்தியாகச் சுருங்குகிறது. இவ்வளவு கச்சிதமான பழிவாங்கலை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் முதல் நாவலான 'தி புளூயஸ்ட் ஐ' (1970) இன்னும் உள்ளே போகிறது. நீலக் கண்கள் வேண்டும் என்று ஏங்கும் பெக்கோலா என்ற கறுப்பினச் சிறுமிக்கு ஒரு கோப்பை கிடைக்கிறது. அதில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் முகம். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே வீட்டில் இருந்த பாலையெல்லாம் குடித்துத் தீர்க்கிறாள். திட்டவோ அடிக்கவோ யாரும் வேண்டியிருக்கவில்லை. ஒரு கோப்பையே போதுமானதாக இருந்தது.

ஷெர்லி என்றதும் இன்னொரு ஷெர்லி. வண்ணப் படங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கக் கோடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் இருந்தவர் அந்த நிறுவனத்தின் வெள்ளை ஊழியர் ஷெர்லி. அவருடைய தோல் நிறம் நன்றாக வந்தால் எல்லாம் நன்றாக வந்ததாகக் கணக்கு! கருந்தோல் மனிதர்கள் இருட்டில் கரைந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தார்கள். கோடக்கை அசைத்த புகார்கள் யாருடையவை தெரியுமா? சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறங்கள் ஒழுங்காகத் தெரியவில்லை என்று குறைபட்டதைக் கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார்.

மூன்றாவது ஷெர்லியும் உண்டு. இசைக்கலைஞர் டான் ஷெர்லி. அவரும் அவருடைய வெள்ளை ஓட்டுநரும் நண்பர்களாகும் 'க்ரீன் புக்' 2019ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் அந்த ஓட்டுநரின் மகன். ஷெர்லியின் குடும்பத்தாரோ, தங்களை யாரும் கலந்து பேசவில்லை என்று குமுறினார்கள். 1990ல் அதே பரிசை வாங்கிய 'டிரைவிங் மிஸ் டெய்சி'யிலும் ஒரு கார், ஒரு ஓட்டுநர். அந்த ஆண்டு ஸ்பைக் லீயின் 'டூ தி ரைட் திங்' சிறந்த படத்துக்கான பரிந்துரைப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. 2019ல் 'பிளாக்க்ளான்ஸ்மேன்' பட்டியலில் இருந்து தோற்றது. யாராவது யாரையாவது காரில் ஏற்றிக்கொண்டு போனால் நான் தோற்றுவிடுகிறேன் என்று அன்று லீ சிரித்துக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு கார். ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017). கதையின் முடிவைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

வெள்ளைக் காதலியின் குடும்பம் விரித்த வலையிலிருந்து கறுப்பின இளைஞன் கிறிஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இரவு. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் காதலி. அவள்மேல் குனிந்திருக்கும் இவன். அப்போது சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழலும் கார் ஒன்று வந்து நிற்கிறது. வேறு எந்தத் திகில் படத்திலும் இந்த விளக்கைப் பார்த்தால் அப்பாடா என்று சாய்ந்து உட்காருவோம். இங்கே அடிவயிறு கலங்குகிறது. கிறிஸ் மெல்லக் கைகளைத் தூக்குகிறான். கார்க் கதவு திறக்கிறது. கதவில் விமானநிலையம் என்று எழுதியிருக்கிறது. இறங்குகிறவன் விமானநிலையப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் கிறிஸின் நண்பன்.

பீல் முதலில் படமாக்கிய முடிவு வேறு. அதில் வருவது உண்மையான போலீஸ். கிறிஸ் சிறைக்குப் போகிறான். நடைமுறைக்கு அதுவே நெருக்கம், மாற்றியது சமரசம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் வாக்கு மாற்றிய முடிவுக்குத்தான். அந்த விளக்கு சுழன்ற சில நொடிகளில் சிறையும் விலங்கும் எல்லார் மனத்திலும் ஓடி முடிந்துவிட்டன. பீல் அதைத் தனியாகப் படம் பிடித்துக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரே டிக்கெட்டில் இரண்டு முடிவுகளையும் பார்த்துவிட்டோம். ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே காரணத்தோடு வாருங்கள், இன்று இரவு முழுக்கச் சண்டை போட நான் தயார்.