மேப்பில் இல்லாத பாதை, கமெண்ட் லெட்டர், விசா: ஒரு ஜீப் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் இதை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன்.

“அண்ணா, பழைய ஜீப் ரேங்லர் ஒன்று வாங்கியிருக்கிறேன். எல்டொராடோ காட்டில் சாட்டிலைட் படத்தில் தெளிவாகத் தெரிகிற ஒரு பாதையில் போனேன். ரேஞ்சர் நிறுத்தி, இது மேப்பில் இல்லை, திரும்பிப் போங்கள் என்றார். அங்கே கேட் இல்லை, போர்டும் இல்லை. ஜீப் கிளப்பில் கேட்டால் மெம்பராகச் சேர், அரசுக்குக் கமெண்ட் எழுது, பாதையைச் சரிசெய்கிற வேலை நாளுக்கு வா என்கிறார்கள். லெட்டர் எழுதினால் பாதை திறந்துவிடுமா? இதெல்லாம் அரசியல் இல்லையா? நான் ஹெச் ஒன் பி விசாவில் இருக்கிறேன்.”

சரி, முதலில் ரேஞ்சர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது சரிதான்.

நம் ஊரில் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அமெரிக்காவின் மேற்கில் கதை வேறு. நெவாடா மாநிலத்தில் சுமார் 80 சதவீத நிலமும், யூட்டாவில் 60 சதவீதத்துக்கு மேலும் மத்திய அரசுடையது. பி.எல்.எம். என்கிற நில நிர்வாகத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தேசியக் காடுகளைப் பார்த்துக்கொள்கிற ஃபாரஸ்ட் சர்வீஸிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். இதில் பெரும்பகுதியில் யாரும் போகலாம், கூடாரம் போடலாம், மீன் பிடிக்கலாம். சுரங்கம் தோண்டியவர்களும் மரம் வெட்டியவர்களும் மாடு மேய்த்தவர்களும் போட்ட தடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவ ஜீப்புகள் மலிவாகக் கிடைத்தபோது ஜனங்கள் அந்தத் தடங்களில் பொழுதுபோக்குக்காக ஓட்ட ஆரம்பித்தார்கள். ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை.

1972-ல் அதிபர் நிக்சன் ஓர் உத்தரவு போட்டார். எந்த இடத்தில் இந்த வண்டிகள் போகலாம், எந்த இடத்தில் கூடாது என்று துறைகள் வரையறுக்க வேண்டும் என்றார். 1977-ல் கார்ட்டர் அதை இன்னும் இறுக்கினார். ஆனாலும் பல காடுகளில், மூடப்பட்டது என்று போர்டு இல்லாவிட்டால் போகலாம் என்பதுதான் நடைமுறையாக இருந்தது. 2005-ல் ஃபாரஸ்ட் சர்வீஸ் கொண்டுவந்த விதி இதை அப்படியே தலைகீழாக்கியது. ஒவ்வொரு காடும் வண்டி போகக்கூடிய சாலைகளையும் டிரெயில்களையும் தேர்ந்தெடுத்து ஒரு மேப் வெளியிட வேண்டும். அதில் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் கூடாது. போர்டு இருக்கிறதா, கேட் இருக்கிறதா என்ற பேச்சே இல்லை. ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போன மாதிரிதான். ஆள் வீட்டில்தான் இருப்பார், ஆனால் அவர் பங்குக்கு அரிசி கிடைக்காது.

எல்டொராடோ காட்டுக்கு அந்தத் தேர்வு 2008-ல் முடிந்தது. பிறகு வழக்கு வந்து, ஈரப் புல்வெளிகளைக் கடக்கிற சில பாதைகள் மறுபடியும் பரிசீலனைக்குப் போயின. நீங்கள் போன பாதை வேண்டுமென்றே விலக்கப்பட்டதா, கணக்கெடுப்பிலேயே விட்டுப்போனதா என்பது முக்கியம். அந்தப் பகுதி ரேஞ்சர் அலுவலகத்தில் ஜிபிஎஸ் டிராக்கைக் காட்டிக் கேளுங்கள். நல்ல முறையில் கேட்டால் சொல்வார்கள். விலக்கப்பட்டது என்றால் காரணம் ஃபைலில் இருக்கும். அந்தக் காரணத்தைப் படிக்காமல் வாதாடப் போகாதீர்கள்.

இப்போது லெட்டர். பாதைகளைப் பற்றி முடிவெடுக்கும் முன் துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும், அதற்கு எழுதி அனுப்புவதுதான் கமெண்ட் லெட்டர். கருத்துக் கேட்பு என்றதும் நம் ஆட்கள் ஓட்டெடுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் பேர் “எங்கள் பாதையை மூடாதே” என்று ஒரே வாசகத்தில் அனுப்பினால் அதிகாரி அதை ஒரே கருத்தாகத்தான் எடுத்துக்கொள்வார். எண்ணிக்கைக்கு அங்கே பெரிய மதிப்பு கிடையாது. தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1970-ன் முதல் நாளில் நிக்சன் கையெழுத்திட்டது. ஒரு முடிவெடுப்பதற்கு முன் அதன் விளைவுகளை அரசு ஆராய வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே அதிகாரிக்குப் பயன்படுவது அவரிடம் இல்லாத தகவல்தான். இந்தப் பாதையை மூடினால் அந்தப் பக்கத்து மலைமேட்டுக்குப் போக வேறு வழி இல்லை. இந்தப் பாதை ஓடையைக் கடக்கிற இடத்தில் அடியில் பாறை, மண் கரையவில்லை, இதோ படம், எடுத்த தேதி, இடம். மழைக்காலத்தில் மட்டும் மூடினால் போதுமே. பக்கத்தில் பாதுகாக்க வேண்டிய குகை இருந்தால் பாதையை அதிலிருந்து நகர்த்தி இப்படித் திருப்பலாமே. இப்படி எழுதினால் அதிகாரி அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வருகிறது.

இன்னொரு விஷயம் கிளப்பில் யாரும் சரியாக விளக்குவதில்லை. ஃபாரஸ்ட் சர்வீஸின் 2013 ஆட்சேபனை விதிகளின்படி, ஒரு திட்டத்தின் இறுதி முடிவுக்கு முன் ஆட்சேபனை தாக்கல் செய்யும் உரிமை, அதற்கு முன்பே அந்தத் திட்டம் பற்றிக் குறிப்பாக எழுத்தில் கருத்து சொன்னவருக்குத்தான். முதல் சுற்றில் தூங்கிவிட்டு, பாதை மூடப்பட்டதும் ஃபேஸ்புக்கில் கொதித்து ஒன்றும் ஆகாது. விதிமுறைகள் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் அந்தந்த அறிவிப்பில் கடைசித் தேதி, எப்படி அனுப்புவது என்பதைப் படித்துவிடுங்கள். தேதி தவறினால் எவ்வளவு நல்ல லெட்டரும் குப்பைதான்.

லெட்டர் எழுதினால் திறந்துவிடுமா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. மோவாபைப் பாருங்கள். யூட்டாவில் ஜீப்காரர்களின் காசி அது. 1967-லிருந்து ஈஸ்டர் சமயத்தில் அங்கே ஜீப் சஃபாரி நடக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில் லாபிரிந்த் ரிம்ஸ், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதிக்கு பி.எல்.எம். 2023 செப்டம்பரில் வெளியிட்ட முடிவில் 317 மைல் பாதை மூடப்பட்டது. கருத்துகள் குவிந்தும் நடந்தது இது. கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்களின் ஆஃப்ரோடு அமைப்புகள் வழக்குக்குப் போனதற்கு அந்தக் கருத்துகள்தான் அடிப்படை. திட்டத்தின் ஃபைலில் முன்பே இல்லாத விஷயத்தை நீதிமன்றத்தில் புதிதாகக் கிளப்புவது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் என்னைக் கேட்டால் லெட்டரைவிட வேலை நாள் முக்கியம். அதற்கு ரூபிகான் டிரெயில் போதும். ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் வரை போகிற பாதை. ஜீப் கம்பெனி ஒரு மாடலுக்கே அந்தப் பெயரை வைத்தது. ரூபிகானுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: நம் ஊர் மாவட்டம் மாதிரியான எல்டொராடோ கவுண்டி 1887-லேயே அதைப் பொதுச் சாலை என்று அறிவித்துவிட்டது. பாறைமேல் பாறையாக இருந்தாலும் காகிதத்தில் அது கவுண்டி ரோடு. அவ்வளவு பலமான காகிதம் இருந்தும் அது மூடப்படும் நிலைக்குப் போனது. எதனால் தெரியுமா? மலத்தால்.

சிரிக்காதீர்கள், நிஜம். வார இறுதியில் நூற்றுக்கணக்கான வண்டிகள், ஒரு கழிப்பறை கிடையாது, கீழே முழுக்கக் கருங்கல், குழி தோண்டவும் முடியாது. 2004-ல் ஸ்பைடர் ஏரிப் பகுதியைச் சுகாதாரக் காரணத்துக்காகக் கவுண்டியே மூடியது. 2009-ல் மாநிலத்தின் நீர்த்தர வாரியம் கவுண்டிக்கும் ஃபாரஸ்ட் சர்வீஸுக்கும் உத்தரவு போட்டது: ஓடைகளில் மண் சேருகிறது, எண்ணெய் சிந்துகிறது, மனிதக் கழிவு கலக்கிறது, சரி செய்யுங்கள் என்று. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி ரூபிகான் என்று 2001-லிருந்து இயங்குகிற தன்னார்வலர் கூட்டமும், 2004-ல் உருவான ரூபிகான் டிரெயில் ஃபவுண்டேஷனும் இல்லாவிட்டால் இன்று அந்தப் பாதை என்னவாகியிருக்கும் என்று தெரியாது. கழிவுப் பைகளை வண்டி வண்டியாகக் கொடுத்தார்கள். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சுகிற கிட் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மழைத்தண்ணீர் பாதை வழியாகவே ஓடி மண்ணை அரிக்காமல் ஓரமாகத் திரும்ப, குறுக்கே கல் அடுக்கினார்கள். 2012-ல் ஃபாரஸ்ட் சர்வீஸ் அந்த வழிக்கான உரிமையை முறைப்படி கவுண்டிக்குக் கொடுத்தது.

வேலை நாளுக்குப் போனால் முதலில் ஒரு தாளில் பெயர், வந்த நேரம், போன நேரம் எழுதச் சொல்வார்கள். வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் ஆஃப்ரோடு வண்டிகளின் பெட்ரோல் வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு மாநில நிதிக்குப் போகிறது, அதிலிருந்து டிரெயில் பராமரிப்புக்கு மானியம் வருகிறது. மானியம் கேட்பவர் தன் பங்காக ஒரு தொகையைக் காட்ட வேண்டும். தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தை அந்தப் பங்காகக் கணக்குக் காட்டலாம். நீங்கள் மண்வெட்டி பிடித்த மணி நேரம் அங்கே காசாக மாறுகிறது. கையெழுத்துப் போடாமல் வேலை செய்துவிட்டு வந்தால் முதுகுவலிதான் மிச்சம்.

அப்புறம், அங்கே என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பாதி நேரம் பாதையை மூடுகிற வேலைதான். ஒருத்தர் சேற்றுக்கு பயந்து ஓரமாக ஏற்றியிருப்பார், அடுத்தவர் அந்தத் தடத்தைப் பார்த்து அதிலேயே போயிருப்பார், ஒரு சீசனில் ஒரு பாதை மூன்றாகிவிடும். புல்வெளியில் வட்டம் போட்டு விளையாடியவர்களும் உண்டு. அந்தத் தடங்களில் பாறையை உருட்டி, காய்ந்த கிளைகளைப் பரப்பி, கண்ணுக்கே தெரியாமல் செய்துவிடுவார்கள். மூடச் சொல்லி வழக்குப் போடுபவர்கள் முதலில் படம் எடுப்பது இந்த ஓரத் தடங்களைத்தான். அவர்கள் எடுக்கிற படம் பொய்யும் இல்லை. மண் அரிப்பும், ஓடையில் சேறும், பாலைவன ஆமைகள் நசுங்குவதும் நடக்கிற விஷயங்கள். சுற்றுச்சூழல் அமைப்புகளை எல்லாம் எதிரி என்று பேசுகிற ஆஃப்ரோடு சேனல்கள் எனக்குப் பிடிக்காது.

எதிர்ப்பைக் காட்டுகிறேன் என்று மூடின பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போவதும் நடந்திருக்கிறது. யூட்டாவின் ரிகாப்சர் கேன்யனில் தொல்லியல் இடங்கள் சேதமானதால் 2007-ல் வண்டிகளுக்குத் தடை வந்தது. 2014 மே மாதம் ஃபில் லைமன் என்ற கவுண்டி கமிஷனர் கூட்டம் சேர்த்து அதே பள்ளத்தாக்கில் ஏடிவி என்கிற சிறிய நான்கு சக்கர மோட்டார் வண்டிகளில் ஊர்வலம் போனார். அவருக்குப் பத்து நாள் சிறை கிடைத்தது. 2020 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார், அது வேறு கதை. பூர்வகுடிகளின் மூதாதையர் குடியிருப்புகள் இருக்கிற இடத்தில் சக்கரத்தை ஏற்றிக் காட்டியதில் பொதுநில உரிமை பேசுகிற மற்றவர்களுக்கு என்ன லாபம்? டிவியில் நம் எல்லோர் முகமும் அந்த முகமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஜான்சன் வேலி. தெற்குக் கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தில் சுமார் 1.9 லட்சம் ஏக்கர் ஆஃப்ரோடு நிலம். 2007-லிருந்து கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தயம் நடக்கிற இடம். பக்கத்தில் ட்வென்டிநைன் பாம்ஸ் மரைன் படைத்தளம் தன் பயிற்சி நிலத்தை அதற்குள் விரிவாக்கக் கேட்டது. ராணுவம் கேட்டால் அமெரிக்காவில் யார் மறுத்துப் பேசுவார்கள்? ஆனால் கிளப்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள், எழுதினார்கள். பந்தயத்தாலும் சுற்றுலாவாலும் ஊர்க் கடைகளுக்கு வருகிற வியாபாரத்தைக் காட்டினார்கள். அந்தத் தொகுதியின் எம்.பி. பால் குக், அவரே ஓய்வுபெற்ற மரைன் கர்னல், நாடாளுமன்றத்தில் சமரசத்தை முன்வைத்தார். 2013 டிசம்பரில் வந்த சட்டத்தில் சுமார் 43,000 ஏக்கர் பொழுதுபோக்குக்கு என்றே ஒதுக்கப்பட்டது. இன்னும் சுமார் 53,000 ஏக்கர் பகிர்வு நிலம், வருஷத்தில் 30 நாள் வீதம் இரண்டு தடவை ராணுவம் எடுத்துக்கொள்ளும். மீதி போய்விட்டது. பாதிதான் மிஞ்சியது என்று இன்றும் சிலருக்கு வருத்தம் உண்டு. எனக்கு அது பெரிய வெற்றியாகத்தான் தெரிகிறது. அந்தப் பந்தயம் இன்னும் அதே இடத்தில் நடக்கிறது.

அரசியல் இல்லையா என்று கேட்டீர்களே. அரசியல்தான், ஆனால் கட்சி அரசியலாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஒரு மேப்பில் ஒரு கோடு இருக்க வேண்டுமா என்று கேட்பது ஒரு பொது விவகாரம். விசா பயம் இருக்கிறவர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறேன்: இந்தத் திட்டங்களுக்குக் கருத்து எழுத குடியுரிமை தேவையில்லை. யாரும் எழுதலாம். பொதுக் கூட்டத்துக்குப் போகலாம், கிளப் சந்தா கட்டலாம், சம்பளம் வாங்காமல் டிரெயில் வேலைக்குப் போகலாம். செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு இல்லாதவர்கள் அமெரிக்கத் தேர்தல் எதிலும் வேட்பாளருக்கோ தேர்தல் நிதிக் குழுவுக்கோ பணம் கொடுக்கக் கூடாது, சட்டப்படி தடை. கிளப் கூட்டத்தில் உண்டியல் சுற்றி வந்தால் அது டிரெயிலுக்கா, வழக்கு நிதிக்கா, வேட்பாளருக்கா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்பதில் தப்பில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வேலை நாளுக்குப் போகும்போது தடிமனான கையுறையும் மூடிய ஷூவும் கொண்டு போங்கள். தயிர்சாதம் கொஞ்சம் அதிகமாகக் கட்டிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்.