வெளிச்ச ஊரில் ஒண்முகில் தேடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒண்முகில் என்றும் நெபுலா என்றும் அழைக்கப்படும் விண்வெளி வாயு மேகங்களைச் சிங்கப்பூரிலிருந்தே படம்பிடிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதே. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின்கீழ் நம் நாட்டு மக்கள் அனைவரும் வாழ்வதாக, 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது.

நீங்கள் இப்போது என் குரலைக் கேட்கிறீர்கள். இதே நொடியில் உங்கள் அறைக்குள் வேறு நிலையங்களின் அலைகளும் நிறைந்திருக்கின்றன. உங்கள் வானொலி ஓர் அலைவரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்குகிறது. நான் செய்வதும் அதுவே. இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர் பட்டு ஒளிரும் ஹைட்ரஜன், 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு சிவப்பைத் தருகிறது. அந்தச் சிவப்பையும் அதை ஒட்டிய ஓரிரு நானோமீட்டரையும் மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கேமராவின்முன் பொருத்தினால், தெருவிளக்கும் கடைத்தொகுதியின் விளம்பரப் பலகையும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகின்றன. மழைமேகத்துக்குத்தான் வடிகட்டி கிடையாது.

ஒரு பிப்ரவரி இரவு, ஈசூனில் பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், ஏறத்தாழ 7,500 ஒளியாண்டு தொலைவிலுள்ள கரீனா நெபுலாவைக் குறிவைத்திருந்தேன். என் படத்துக்கு ஒரு பரிசு வாங்கித் தந்ததும் இந்த நெபுலாதான். அது இங்கே அடிவானத்திலிருந்து 30 பாகைக்குமேல் உயராது. அதுவும் தெற்கே, நகரத்தின் வெளிச்சத்துக்கு நேர்மேலே நிற்கும். இரவு இரண்டு மணிக்கு ஒரு டாக்சி மேலே ஏறி வந்து, தன் முகப்பு விளக்கால் என் ஐந்து நிமிடப் படம் ஒன்றை வெளுக்கச் செய்தது. இறங்கி வந்த பெரியவர், “தம்பி, அங்கே ஒண்ணுமே இல்லையே, எதைப் பிடிக்கிறீங்க?” என்றார். திரையைக் காட்டினேன். சாம்பல் நிறப் புகையும், அதன் நடுவே சாவித்துளை போன்ற கருமையும் தெரிந்தன. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, சிறு வயதில் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் அம்மாவோடு விடிவதற்குமுன் பால்மரம் வெட்டப் போனபோது வானத்தில் வெள்ளையாக ஒரு பாதை கிடந்ததைச் சொன்னார். மறுநாள் இரவும் வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி ஓ ஒன்றை என் முக்காலியின் திருகில் மாட்டிவிட்டு, “நிறம் எங்கே?” என்று கேட்டார். நிறத்துக்குப் பிறகு வருகிறேன்.

இவ்வூரில் வேறொரு தொல்லையும் உண்டு. வானம் சுழல்வதால், அதைத் தொடரும் கேமராத் தாங்கியின் அச்சு, வானம் சுழலும் மையமான துருவத்தை நோக்க வேண்டும். வடக்கத்திய நாடுகளில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அதைச் சரிசெய்வார்கள். நாமோ நிலநடுக்கோட்டிலிருந்து 1.3 பாகையில் இருக்கிறோம். நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தைவிடச் சற்றே உயரத்தில் நிற்கும் அந்த நட்சத்திரத்தை ஏதாவது ஒரு வீவக அடுக்குமாடி புளோக் மறைத்துவிடும். ஆகவே, வேறு விண்மீன்கள் எந்தப் பக்கம் நழுவுகின்றன என்று பார்த்துப் பார்த்தே அச்சைத் திருத்துகிறேன். அதன்பிறகு ஐந்து ஐந்து நிமிடங்களாகப் படமெடுத்து, பல இரவுகளில் பத்து மணிநேரம் சேர்க்கிறேன். மீண்டும் சொல்கிறேன், பத்து மணிநேரம். படத்தின் இரைச்சலை, அதாவது அதில் விழும் பொடிப்பொடியான புள்ளிகளை, பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நிறத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கந்தகம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றையும் தனித்தனி வடிகட்டியில் எடுத்து, முறையே சிவப்பு, பச்சை, நீலம் என்று கொடுக்கிறோம். கண்ணுக்குக் கந்தகமும் ஹைட்ரஜனும் ஒரே சிவப்பு என்பதால்தான் இந்த ஏற்பாடு. எதற்கு எந்த நிறம் என்று படத்தின்கீழ் எழுதிவிட்டால் அதில் பொய்யில்லை என்பது என் கட்சி. அந்தப் பெரியவரோ வண்ணப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் பார்த்த சாம்பல் படத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.