629001 என்ற எண்ணுக்குள்ளே

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நாகர்கோவிலின் பின்கோடு 629001. 1972-இல் வந்த இந்த முறையில் நம் மாவட்டத்து எண்களெல்லாம் 629 என்றுதான் தொடங்கும். முகவரியை இன்று மறந்துவிட்டு, இதை எண்ணாக மட்டும் பார்ப்போம்.

இலக்கங்களைக் கூட்டினால் 18. அதனால் இது 9-ஆல் மீதியின்றி வகுபடும். காரணம், 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆறு லட்சத்தில் 6 மிஞ்சும், இருபதாயிரத்தில் 2 மிஞ்சும். இப்படி மிஞ்சுவதெல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டுத்தொகை.

வகுத்தால் 69889. இனிமேல்தான் பொறுமை வேண்டும். 7-ஆல் வகுத்தால் மீதி 1. 13-ஆல் வகுத்தாலும் மீதி 1. கிட்டத்தில் வந்து நழுவுகிறது! பகா எண்களாகவே, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்களாகவே, போய்ப் பாருங்கள், 43 வரை ஒன்றும் சரிவராது. அடுத்த 47-இல் மீதியில்லாமல் போகிறது: 47 × 1487. நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையின் பழைய எண்ணும் 47தான். தற்செயல்தான், ஆனாலும் கணக்கில் அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, 1487 மேலும் பிரியுமா? ஓர் எண் இரண்டாகப் பிரிந்தால் சின்ன பங்கு வர்க்கமூலத்தைத் தாண்டாது. 39-இன் வர்க்கம் 1521. ஆகவே 37 வரை பார்த்தால் போதும். எதிலும் போகவில்லை, 1487 பகா எண். முடிவாக, 629001 = 3 × 3 × 47 × 1487. யார் எந்த வழியில் பிரித்தாலும் இதே நான்கு பகா எண்கள்தான் வரும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். 13 என்பது 4-உம் 9-உம் சேர்ந்தது. அதாவது இரண்டு வர்க்கங்களின் கூட்டல். 629001-ஐ அப்படி எழுத முடியுமா? ஒவ்வொரு வர்க்கமாகக் கழித்துப் பார்த்தால் பொழுது போய்விடும். பகா எண்களைப் பற்றி 1640-இல் கணித அறிஞர் ஃபெர்மா சொல்லிவைத்து, நூறு ஆண்டு கழித்து இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் நிரூபித்ததிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகா எண் ஒவ்வொன்றும் இரட்டைப்படை முறை வந்திருக்க வேண்டும். 3 இரண்டு முறை வந்திருக்கிறது, நல்லது. ஆனால் 47-உம் 1487-உம் அதே வகை. ஒவ்வொரு முறைதான் வந்திருக்கின்றன. ஆக, முடியாது. இத்தனைக்கும் 629001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, மேலோட்டமாகப் பார்த்தால் முடியும் போலத்தான் இருக்கும். உள்ளே பிரித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

கன்னியாகுமரியின் 629702-க்குப் பிரித்துப் பார்க்கும் வேலைகூட இல்லை. பாதியாக்கினால் 314851, ஒற்றைப்படை எண். அதை 4-ஆல் வகுத்தால் மீதி 3. மீதி 1 தரும் எண்களை எத்தனை பெருக்கினாலும் மீதி 1தான் வரும். மீதி 3 தருபவை ஜோடி ஜோடியாக வந்தாலும் அப்படியே. அப்படியானால் 314851-க்குள் மீதி 3 தரும் பகா எண் ஒன்றாவது ஒற்றைப்படை முறை இருந்தே ஆக வேண்டும். அது எந்த எண் என்று தெரியாமலே சொல்லிவிடலாம், 629702-உம் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் ஆகாது.